கன்ட்ரி பாடகர்கள் திரையில் எடுபடுவது எப்போது?

அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர்கள் ஏன் இத்தனை பேர் சினிமாவிலும் டிவியிலும், அதுவும் பிள்ளைகள் பார்க்கும் நிகழ்ச்சிகளில் வருகிறார்கள், அவர்களில் யார் நன்றாகச் செய்தார்கள், வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்க்க எதில் தொடங்கலாம் என்பது கேள்வி.

முதலில் காரணம். கன்ட்ரி பாட்டு பெரும்பாலும் ஒரு ஆள் தன் வாயால் சொல்லும் கதை. யாருக்கு என்ன நடந்தது, எந்த ஊரில், கடைசியில் என்ன ஆயிற்று என்று மூன்று நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். சொல் புரியாவிட்டால் பாட்டே போச்சு. அதனால் வார்த்தையைத் தெளிவாக விடுவது, எங்கே நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று தெரிந்திருப்பது, இரண்டு பாட்டுக்கு நடுவே கூட்டத்தோடு பேசுவது எல்லாம் அந்தத் தொழிலின் பாலபாடம். கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில் நகரில் 1925இல் தொடங்கிய கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சியில் பாடகரும் நகைச்சுவைக் கலைஞரும் ஒரே மேடையில்தான் நின்றார்கள். நடிப்புப் பயிற்சியில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது. என் கணிப்பு இதுதான்: பாடகரின் அந்தப் பேச்சுக் குரலுக்கு இடம் கொடுத்த படங்கள் நின்றிருக்கின்றன. முகத்தையும் பெயரையும் மட்டும் வாங்கிய படங்கள் நிற்கவில்லை.

தொடக்கம் பேசும்படக் காலத்திலேயே. கன்ட்ரி பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸ் 1929இல் ஒரு பத்து நிமிடக் குறும்படத்தில் நடித்தார். ரயில் நிலையச் சாப்பாட்டுக் கடைக்குள் ரயில்வேத் தொழிலாளி உடையில் வருவார், அங்கிருக்கும் பெண்களிடம் இரண்டு வார்த்தை பேசுவார், கிட்டாரோடு உட்கார்ந்து மூன்று பாட்டு பாடுவார். அவ்வளவுதான் படம். ஆனாலும் பாடகரை எப்படிக் காட்டுவது என்ற வாய்பாடு அதிலேயே இருக்கிறது: தெரிந்த தொழில், தெரிந்த இடம், கொஞ்சம் பேச்சு, பிறகு பாட்டு. நான்கு ஆண்டு கழித்து நடிகர் ஜான் வேய்னைப் பாடும் கௌபாயாகக் காட்டிப் பார்த்தார்கள், வேறொருவர் குரல் கொடுத்தார். பின்னணிக் குரலுக்குப் பழகிய நமக்கு இதில் ஒன்றும் உறுத்தாது. அங்கே அது நிலைக்கவில்லை. நிஜமாகவே பாடுகிற ஆள் தேவைப்பட்டார்.

அந்த ஆள் ஜீன் ஆட்ரி. டெக்சாஸில் பிறந்தவர், ரயில்வேயில் தந்தி அடிப்பவராக வேலை பார்த்தவர், வானொலியிலும் இசைத்தட்டிலும் ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்தார். 1934இல் ஒரு படத்தில் சிறு வேடம், அடுத்த ஆண்டே ரிபப்ளிக் ஸ்டூடியோவில் கதாநாயகன். மொத்தம் 90க்கு மேல் படங்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் கதாபாத்திரத்தின் பெயரும் ‘ஜீன் ஆட்ரி’தான். இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். சனிக்கிழமை மதியக் காட்சிக்கு வரும் சிறுவனுக்கு, வானொலியில் கேட்கும் ஆளும் இசைத்தட்டில் பாடும் ஆளும் திரையில் குதிரையேறும் ஆளும் ஒருவரே. ஒன்று மற்றொன்றுக்கு விளம்பரம். தயாரிப்பாளருக்கும் இலாபம் இருந்தது. பாட்டுக் காட்சி எடுக்க ஒரு கேம்ப்ஃபயர், நாலு பேர், இரண்டு கோணம் போதும். குதிரைத் துரத்தலுக்கு ஆகும் செலவும் நாளும் ஆகாது. பாட்டை முன்கூட்டியே பதிவு செய்து, படப்பிடிப்பில் ஓடவிட்டு வாயசைப்பார்கள். நம்மூர் முறையேதான், ஒரே வித்தியாசம் குரலும் முகமும் ஒருவருடையது. கிட்டப்பா, பாகவதர் காலத்துப் பாடும் நடிகர்களை நினைத்துக்கொண்டால் அந்த ஈர்ப்பு விளங்கிவிடும்.

1938இல் ஆட்ரிக்கும் ஸ்டூடியோவுக்கும் சம்பளத் தகராறு. அவர் வேலைக்கு வர மறுத்த இடைவெளியில் லெனர்ட் ஸ்லை என்ற இளைஞரை ராய் ராஜர்ஸ் என்று பெயர் மாற்றி நாயகனாக்கினார்கள். ‘சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ்’ குழுவில் பாடிக்கொண்டிருந்தவர் அவர். ராஜர்ஸ் செய்த ஒரு காரியத்தைத் தொழில் தெரிந்தவர்கள் இன்றும் மெச்சுவார்கள்: சம்பள உயர்வை வற்புறுத்தாமல் தன் பெயர், உருவம், குரல் மூன்றின் வணிக உரிமையை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கிக்கொண்டார். பின்னாளில் சாப்பாட்டு டப்பா, பொம்மைத் துப்பாக்கி, சட்டை என்று அவர் பெயரில் விற்ற பொருள்களின் வருமானம் அந்த ஒரு பிரிவால் வந்தது. மனைவி டேல் எவன்ஸ், ட்ரிகர் என்ற பொன்னிறக் குதிரை, புல்லட் என்ற நாய் எல்லாம் சேர்ந்த அவருடைய டிவி நிகழ்ச்சி 1951 முதல் 1957 வரை என்.பி.சி. தொலைக்காட்சியில் ஓடியது. முடிவில் இருவரும் பாடும் விடைபெறும் பாட்டை எழுதியவர் டேல் எவன்ஸ். குடும்ப நிகழ்ச்சி என்று நாம் இன்று சொல்வதன் அமெரிக்க அச்சு இங்கே வார்க்கப்பட்டது என்பேன். ஆட்ரி தன் சிறு ரசிகர்களுக்காகப் பத்துக் கட்டளைகளே வைத்திருந்தார்: கௌபாய் முதலில் சுடமாட்டான், குழந்தைகளிடமும் முதியவர்களிடமும் விலங்குகளிடமும் மென்மையாக நடப்பான் என்கிற வகை.

இந்தப் பழைய படங்களைத் தேடிப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1950களில் டிவியில் ஒரு மணி நேர இடத்துக்குள் அடைக்க இவற்றைச் சுமார் 54 நிமிடத்துக்கு வெட்டினார்கள். இணையத்தில் இலவசமாகச் சுற்றும் பிரதிகளில் பல அந்த வெட்டுப்பட்டவை. ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குக் கதை திடீரென்று தாவினால் படத்தின் குறை என்று முடிவு கட்டாமல், ஓடும் நேரத்தை முதலில் பாருங்கள். ஆட்ரியின் நிறுவனம் அவர் படங்களை முழு நீளத்தில் சீராக்கி வெளியிட்டிருக்கிறது, அதை எடுப்பது நல்லது.

அடுத்த கட்டம் டிவி. ‘பெவர்லி ஹில்பில்லீஸ்’ தொடரின் டைட்டில் பாட்டை லெஸ்டர் ஃப்ளாட், ஏர்ல் ஸ்க்ரக்ஸ் இருவரும் இசைத்தட்டாக வெளியிட, அது 1963இல் கன்ட்ரி பாடல்களின் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. 1969இல் சி.பி.எஸ். தொலைக்காட்சி தொடங்கிய ‘ஹீ ஹா’ கிராமத்துக் கேலியும் பாட்டுமாக இருந்தது, நடத்தியவர்கள் பக் ஓவன்ஸ், ராய் கிளார்க். 1971இல் கிராமம் சார்ந்த தொடர்களையெல்லாம் அந்த நிறுவனம் ஒரே வீச்சில் நிறுத்தியபோது இதுவும் போனது. ஆனால் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனியாக விற்று மேலும் இருபது ஆண்டு ஓட்டிவிட்டார்கள். ஆண்டில் இரண்டு முறை நாஷ்வில்லில் கூடி, துண்டு துண்டாக நகைச்சுவைகளை மொத்தமாகப் பதிவு செய்துகொண்டு, பிறகு வெட்டி ஒட்டி வாராவாரம் கொடுப்பார்கள். பாடகருக்குச் சில வார வேலை, ஆண்டு முழுக்கத் திரையில் முகம்.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. ஓவன்ஸ் சாதாரணப் பாடகர் அல்ல. நாஷ்வில்லின் மெத்தென்ற வயலின் வாத்தியங்களை ஒதுக்கி, டெலிகாஸ்டர் கிட்டாரின் கூர்மையான ஒலியோடு பேக்கர்ஸ்ஃபீல்ட் பாணியை நிறுவியவர்களில் ஒருவர், 20க்கு மேல் முதலிடப் பாடல்கள் தந்தவர். வாராவாரம் சோளக்காட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி ஜோக் சொல்லும் முகமாகப் பழகிய பிறகு, அவருடைய பாட்டை அதே எடையோடு கேட்க மக்களால் முடியவில்லை. இந்த நிகழ்ச்சி தன் இசையை மறைத்துவிட்டது என்று அவரே பிற்காலத்தில் வருந்தினார். டிவி பாடகருக்குப் புகழைக் கூட்டும். எந்தப் புகழை என்பதை நிகழ்ச்சிதான் முடிவு செய்யும்.

இந்தச் சிக்கல் வராமல் பாடகர்களைப் பயன்படுத்தியது ‘மப்பெட் ஷோ’ என்ற பொம்மலாட்ட நகைச்சுவை நிகழ்ச்சி. 1976 முதல் 1981 வரை இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட 120 எபிசோட்கள். ஜானி கேஷ், லொரெட்டா லின், கிரிஸ்டல் கேய்ல், ராய் கிளார்க், கென்னி ராஜர்ஸ் எல்லாரும் வந்தார்கள், ராய் ராஜர்ஸும் டேல் எவன்ஸும் வந்தார்கள். அங்கே கேலிக்குரியவை பொம்மைகள், பாடகர் நிஜ மனிதராக நிற்பார். அதனால் அவர் மதிப்பு குறைவதில்லை. கென்னி ராஜர்ஸின் சூதாடி பாட்டை அவர்கள் எடுத்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இரவு ரயில் பெட்டி. எதிரில் கிழவர் வேடத்தில் ஒரு பொம்மை. பாட்டின் அறிவுரைப் பகுதியைக் கிழவரே பாடுவார். பாட்டில் கிழவர் தூக்கத்திலேயே இறந்துபோகும் வரி வரும். பொம்மையின் தலை சாயும், அதன் ஆவி உடலைவிட்டு எழுந்து ஆடிப் பாடும். மரணத்தைச் சிறு பிள்ளைக்குப் பயமில்லாமல் காட்டிய காட்சி அது, பாட்டின் ஒரு சொல்லையும் மாற்றாமல். இன்னொரு நுட்பம்: பொம்மலாட்டக்காரர்கள் நின்றபடி கைகளை மேலே தூக்கி இயக்குவதற்காகத் தரையை உயர்த்தி அரங்கம் அமைப்பார்கள், மனித விருந்தினர் அந்த உயரத்தில் போட்ட மேடைப் பலகையில் நிற்பார் அல்லது உட்கார்ந்திருப்பார். பாடகர் அதிகம் நடக்காமல் ஓரிடத்தில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நின்ற இடத்திலிருந்து கதை சொல்லிப் பழகியவர்களுக்கு அது சிரமமே இல்லை.

பெரிய திரையில் 1970கள், 80கள்தான் செழிப்பான காலம். கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன் முழுநேர நடிகராகவே ஆகிவிட்டார், 1976இல் ‘எ ஸ்டார் இஸ் பார்ன்’ அவருக்கு கோல்டன் குளோப் தந்தது. ஜெர்ரி ரீட் 1977இல் ‘ஸ்மோக்கி அண்ட் தி பேண்டிட்’ படத்தில் நாயோடு லாரி ஓட்டிக்கொண்டே ரேடியோவில் பேசிக் கொட்டுவார். முதலில் குறைந்த செலவுப் படமாக யோசித்தபோது அவர்தான் நாயகனாக இருந்திருக்க வேண்டும், பர்ட் ரெனால்ட்ஸ் வந்ததும் இரண்டாம் இடத்துக்குப் போனார். படத்துக்கு அந்த மாற்றம் நல்லதாகவே அமைந்தது. லாரிக்குள் உட்கார்ந்து பேசுவதே அவர் வேலை, அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ‘ட்யூக்ஸ் ஆஃப் ஹாஸார்ட்’ தொடரில் வேலன் ஜென்னிங்ஸ் இன்னும் ஒரு படி போனார்: கதைசொல்லியாகக் குரல் மட்டும், டைட்டிலில் கிட்டார் வாசிக்கும் கைகள் மட்டும். கதை நெருக்கடியில் நிற்கும்போது படம் உறையும், அவர் குரல் வந்து நடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிப் போகும். கன்ட்ரி பாடகரின் பேச்சுக் குரலை இதைவிடச் சரியாகப் பயன்படுத்திய தொடர் எனக்குத் தெரிந்து இல்லை.

டாலி பார்ட்டனுக்கு 1980இல் ‘நைன் டு ஃபைவ்’ முதல் படம். வசனம் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நினைத்து, மற்றவர்கள் பேசவேண்டியதையும் சேர்த்துப் படித்துக்கொண்டு போனார். படப்பிடிப்பு இடைவேளைகளில் தன் செயற்கை நகங்களை ஒன்றோடொன்று உரசினால் டைப்ரைட்டர் சத்தம் வருவதைக் கவனித்து, அந்தத் தாளத்தில் டைட்டில் பாட்டைக் கட்டினார். இசைத்தட்டிலும் அந்த நகங்களின் ஒலி இருக்கிறது. பாட்டு 1981இல் அமெரிக்காவின் பொதுப் பட்டியலிலேயே முதலிடம். ஆனால் நடிகையாக அவருடைய சிறந்த வேலை 1989இன் ‘ஸ்டீல் மக்னோலியாஸ்’. அதில் அவர் பாடவே இல்லை. அழகு நிலையம் நடத்தும் ட்ரூவி. வருகிறவர்கள் தலையில் கைவைத்தபடி ஊர்ப்பேச்சு பேசுவதே அந்தப் பாத்திரத்தின் தொழில். இரண்டுக்கும் நடுவே 1984இல் சில்வெஸ்டர் ஸ்டலோனோடு நடித்த ‘ரைன்ஸ்டோன்’ விழுந்தது. பாடத் தெரியாத ஒருவரைப் பாடகராக்கும் கதையில், பாடத் தெரிந்தவர் ஓரமாக நின்று எதிர்வினை காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் படத்துக்காக அவர் எழுதிய ஒரு பாட்டு மட்டும் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் போனது. ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் 1992இல் ‘ப்யூர் கன்ட்ரி’யில் நடித்ததும் இதே மாதிரி: படம் சுமாராகத்தான் ஓடியது, அதன் பாடல்கள் அவருடைய ஆல்பங்களிலேயே அதிகம் விற்றது. அவர் மேடையில் அதிகம் பேசாதவர். பேச்சே இல்லாத அமைதியான மனிதரை இரண்டு மணி நேரக் கதைக்கு நாயகனாக வைத்தால், உடன் நடிப்பவர்கள்தான் இழுக்க வேண்டியிருக்கும்.

வாழ்க்கை வரலாற்றுப் படங்களில் குரல் பிரச்சினை வேறு மாதிரி வரும். ஒரே ஆளின் இரு முடிவுகளை ஒப்பிட்டால் விளங்கும். லொரெட்டா லின், பாட்ஸி கிளைன் இருவருக்கும் ஒலிப்பதிவுத் தயாரிப்பாளராக இருந்தவர் ஓவன் பிராட்லி. 1980இல் லொரெட்டாவின் கதையைப் படமாக்கியபோது நாயகி சிஸ்ஸி ஸ்பேசெக் தானே பாடினார், பிராட்லி அந்தப் பாடல்களை மேற்பார்த்தார். ஸ்பேசெக் லொரெட்டாவோடு ஊர் ஊராகச் சுற்றி, அவர் பேசுவதை டேப்பில் பதிந்து, கென்டக்கி மலைப்பேச்சைப் பிடித்துக்கொண்ட பிறகே பாட்டுக்கு வந்தார். பேச்சு சரியானால் பாட்டு தானே அந்த வழியில் விழும். படத்தில் பாட்ஸியாக வந்த பெவர்லி டி ஏஞ்சலோவும் சொந்தக் குரலில்தான் பாடினார். ஸ்பேசெக்குக்கு ஆஸ்கர் கிடைத்தது.

ஐந்து ஆண்டு கழித்து பாட்ஸியின் கதை தனிப் படமானது. 1963இல் விமான விபத்தில் இறந்தவரின் குரலே வேண்டும் என்று முடிவு செய்து, பழைய பதிவுகளிலிருந்த அவர் குரலை வைத்துக்கொண்டு பல பாட்டுகளுக்குப் பின்னணி வாத்தியங்களைப் புதிதாக வாசித்துச் சேர்த்தார் அதே பிராட்லி. ஜெஸிக்கா லேங் வாயசைத்தார். வாயசைப்பு காட்டிக்கொடுப்பது உதட்டில் அல்ல, மூச்சில். நீண்ட வரிக்கு முன் தோள் ஏறவில்லையென்றால், உச்ச சுரத்தில் கழுத்து நரம்பு இறுகவில்லையென்றால் கண் ஏமாறாது. லேங் அதை அபாரமாகச் செய்தார். அவர் கழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டே ஒரு பாட்டைக் கடந்து பாருங்கள். ஆனாலும் ஒரு தடை மீறவே முடியாதது: ஸ்டூடியோ அறையில் மைக்குக்கு அருகே பாடிய குரலை, இரைச்சலான மதுக்கடைக் காட்சியில் வைத்தால் அறையின் எதிரொலி பொருந்தாது. பேசும்போது ஒரு தூரம், பாடும்போது வேறு தூரம். காரணம் தெரியாவிட்டாலும் காது விலகிப்போகும். 2005இல் ஜானி கேஷ் பற்றிய படத்திலும் 2009இன் ‘கிரேஸி ஹார்ட்’டிலும் நடிகர்களையே பாடவைத்தார்கள். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது, குரல் அசலுக்குக் கொஞ்சம் குறைந்தாலும்.

கார்ட்டூன் படங்களில் கன்ட்ரி குரல்கள் நிறைய, பலருக்கு அது தெரியாமலே. டிஸ்னியின் 1973 ‘ராபின் ஹுட்’டில் கதை சொல்லும் சேவல் ரோஜர் மில்லர். அதில் தான் பாடும் பாட்டுகளை எழுதியதும் அவரே. மழையில் சிறைக்குள் எல்லாரும் சோர்ந்திருக்கும்போது அவர் பாடும் மெல்லிய பாட்டு அந்தப் படத்தின் உயிர். அதே படத்தின் வில்லன் ஷெரிஃபுக்குக் கரகரத்த குரல் கொடுத்த பாட் பட்ரம், ஆட்ரியின் வானொலி, டிவி நாள்களில் அவருக்குத் துணை நகைச்சுவை நடிகர். அதே ஆண்டு வந்த ‘ஷார்லட்ஸ் வெப்’ கார்ட்டூனின் கதைசொல்லி ரெக்ஸ் ஆலனும் பாடும் கௌபாய் வரிசையின் கடைசி ஆள்தான். 2006இல் அதை நிஜ விலங்குகளோடு எடுத்தபோது பசு ஒன்றுக்கு ரீபா மெக்கென்டையர் பேசினார். ‘டாய் ஸ்டோரி 2’வில் பழைய டிவி நிகழ்ச்சியாக வரும் பகுதியின் பாட்டைப் பாடியது ரைடர்ஸ் இன் தி ஸ்கை குழு. அந்தப் படத்தில் கௌபாய் பொம்மையான வுடியின் பெயரில் குவிந்திருக்கும் பொம்மைகளும் டப்பாக்களும் ராய் ராஜர்ஸ் காலத்து வியாபாரத்தின் நேர்ப் படம்.

இப்போது வீட்டில் பார்ப்பது பற்றி. பத்து வயதுக்குக் கீழே என்றால் ‘ராபின் ஹுட்’டில் தொடங்குங்கள், பிறகு மப்பெட் எபிசோட்கள், பிறகு 1985இன் ‘ஃபாலோ தட் பேர்ட்’. அதில் வேலன் ஜென்னிங்ஸ் லாரி ஓட்டுநராக வந்து, வீட்டைத் தேடிப் போகும் பிக் பேர்ட் என்ற பெரிய பொம்மைப் பறவையை ஏற்றிக்கொண்டு பாடுவார். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு 2015இல் டிவிக்காக எடுத்த ‘கோட் ஆஃப் மெனி கலர்ஸ்’ நன்றாக இருக்கும்: டாலியின் சிறுவயது, டென்னசி மலைக்கிராமம், துண்டுத்துணிகளைச் சேர்த்து அம்மா தைத்த மேலங்கி. அம்மாவாக வரும் ஜெனிஃபர் நெட்டில்ஸும் கன்ட்ரி பாடகிதான். பிறந்த குழந்தை இறந்துபோவது கதையில் வருகிறது, முன்பே சொல்லிவைப்பது நல்லது. பதின்ம வயதினருக்கு ரீபாவின் பெயரிலேயே 2001 முதல் 2007 வரை ஓடிய நகைச்சுவைத் தொடர். விவாகரத்தான அம்மா, மூன்று பிள்ளைகள் என்று விஷயம் பெரியது, ஆனால் பேச்சில் கசப்பு இராது.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடியவையும் உண்டு. ‘நைன் டு ஃபைவ்’வில் கஞ்சா புகைக்கும் காட்சி இருக்கிறது. லொரெட்டாவின் படத்தில் சிறுவயதுத் திருமணமும் கணவர் கை நீட்டுவதும் வரும். அதில் அவருக்குத் திருமணத்தின்போது 13 வயது என்று சொல்லப்படும், ஆவணப்படி 15. ‘ஸ்மோக்கி’யில் கெட்ட வார்த்தை ஏராளம். ‘ட்யூக்ஸ்’ தொடரின் காரில் கூட்டமைப்புக் கொடி வரையப்பட்டிருக்கும். அடிமைமுறையைக் காக்கப் போரிட்டவர்களின் கொடி அது, 2015இல் அமெரிக்காவில் மறுஒளிபரப்பையே நிறுத்தினார்கள். பிள்ளைகளுக்குக் காட்டினால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டுவைட் யோக்கம் ‘ஸ்லிங் பிளேட்’டில் குடித்துவிட்டு வீட்டாரை மிரட்டும் ஆளாக மிரட்சியூட்டும்படி நடித்திருக்கிறார். பாடகர் நடித்த வில்லன் வேடங்களில் அதை முதலில் வைப்பேன், ஆனால் பெரியவர்கள் மட்டும் பார்க்க வேண்டியது.

கடைசியாக ஒலித்தடம். இந்தப் படங்களை டப்பிங்கில் பார்க்காதீர்கள். மொழி மாறினால் ரோஜர் மில்லரும் பட்ரமும் படத்தில் இருக்கவே மாட்டார்கள், வெறும் சேவலும் ஓநாயும்தான் மிஞ்சும். ஆங்கில ஒலியை வைத்துக்கொண்டு வசன எழுத்தைப் போடுங்கள். தெற்கத்திய உச்சரிப்பு ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே முதலில் பிடிபடாது. சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தைப் படிக்க வேகம் போதாது என்றால், பாட்டு தொடங்கும் முன் அதன் கதையை இரண்டு வரியில் தமிழில் சொல்லிவிட்டு ஓடவிடுங்கள். கதைப் பாட்டு என்பதால் அவ்வளவு தெரிந்தாலே மீதியைக் குரலிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.